நெபுலைசரில் புகை குறைகிறதா? முதலில் மருந்துக் கிண்ணத்தைப் பாருங்கள்

முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளையோ முதியவரோ இருக்கும் வீட்டில், திரவ மருந்தைப் புகைபோலாக்கி மூச்சோடு உள்ளிழுக்க வைக்கும் நெபுலைசர் ஒன்று இருப்பது மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது புதினமல்ல. படுவான்கரையில் யானை நடமாடும் வீதிகளை இரவில் கடந்தோ, மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் படகுப்பாதை ஏறியோ வைத்தியசாலைக்குப் போகவேண்டியவர்களுக்கு அந்தச் சிறிய பெட்டி பெரிய துணை. ஆனால் தேவைப்படும் நேரத்தில்தான் அது புகை குறைந்தோ, சீறித் துப்பியோ, வெறுமனே இரைந்துகொண்டோ நிற்கும். அப்போது எல்லோருடைய கண்ணும் மோட்டார் இருக்கும் பெட்டியின் மேலேயே விழுகிறது. திருத்தும் கடைக்குத் தூக்கிச் செல்லப்படுவதும் அதுதான். பழுது பல வேளைகளில் பெட்டியில் இருப்பதில்லை. மருந்தை ஊற்றும் கையளவுப் பிளாஸ்டிக் கிண்ணத்திலேயே இருக்கிறது. புதிதாக எதை வாங்குவது என்று ஒப்பிடும்போதும் பெட்டியைவிடக் கிண்ணத்தைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

தொடங்குமுன் ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை தடவை என்பவற்றை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். இங்கே பேசுவது கருவியைப் பற்றி மட்டுமே. மூச்சுத் திணறுபவரால் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், பிள்ளையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுக்கப்பட்டால், கருவியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்துச் சுவசெரிய அம்பியூலன்சை வரவழையுங்கள். கீழே சொல்லப்படுபவை யாவும் வீடு அமைதியாக இருக்கும் ஒரு பகற்பொழுதில் செய்ய வேண்டியவை.

கிண்ணத்துக்குள் நடப்பது என்ன

கிண்ணத்தின் அடியில் குழாய் சொருகும் முனை உள்ளே ஒரு கூம்பாக எழுந்து நிற்கும்; அதன் உச்சியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். அந்தக் கூம்பின் மேல் தொப்பிபோல் இன்னொரு சிறு பாகம் கவிழ்ந்திருக்கும். பெட்டியிலிருந்து வரும் காற்று அந்தத் துளையால் வேகமாகப் பாயும்போது அவ்விடத்தில் அழுத்தம் குறைகிறது. அதனால் கூம்புக்கும் தொப்பிக்கும் இடையே உள்ள இடுக்கின் வழியாக மருந்து மேலே இழுக்கப்பட்டு, காற்றின் வேகத்தில் சிதறிப் பொடித்துளிகளாகிறது. துளைக்கு நேரே இருக்கும் தடுப்பில் பெரிய துளிகள் மோதி மீண்டும் கிண்ணத்துள் விழ, நுண்ணிய துளிகள் மட்டும் புகைபோல வெளியேறுகின்றன. ஏறத்தாழ 1 முதல் 5 மைக்ரோமீற்றர் வரையான துளிகளே நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போகும். அதைவிடப் பெரியவை தொண்டையில் படிந்து விழுங்கப்படுகின்றன. ஆகவே புகை வருகிறது என்பது மட்டும் போதாது. துளையும் இடுக்கும் தடுப்பும் செய்யப்பட்ட அளவில் அப்படியே இருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

இதை விளங்கிக்கொண்டவர் ஒரு காரியத்தை ஒருபோதும் செய்யமாட்டார். துளை அடைத்துவிட்டது என்று தையல் ஊசியால் குத்தமாட்டார். குத்தினால் அடைப்பு நீங்கும், புகையும் தாராளமாக வரும். ஆனால் துளை அகன்றுவிட்டதால் துளிகள் பெரிதாகி, மருந்தின் பெரும்பங்கு நெஞ்சுக்குப் போகாமல் தொண்டையோடு நின்றுவிடும். கண்ணுக்குத் திருத்தியதாகத் தெரிவதால் இது மற்றப் பழுதுகளைவிட மோசமான பழுது.

புகை வரவில்லை அல்லது மெலிந்து வருகிறது

மோட்டார் ஓடுகிறது, புகை இல்லை என்றால் முதலில் கிண்ணத்தைத் திறந்து அந்தத் தொப்பி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கழுவும்போது அது தனியாகக் கழன்று, கோப்பை கழுவும் தொட்டியின் சல்லடையிலோ துடைக்கும் துணியின் மடிப்பிலோ கிடப்பது வழக்கம். சில கிண்ணங்களில் அது மூடியோடு சேர்ந்திருக்கும். வேறு சிலவற்றில் தலைகீழாகவும் பொருந்திவிடும், ஆனால் வேலை செய்யாது. தொப்பி சரியாக இருந்தால் குழாயைக் கிண்ணத்திலிருந்து கழற்றி, அதன் வாயில் ஒரு கணம் பெருவிரலை வைத்துப் பாருங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் பெட்டிக்கும் குழாய்க்கும் குறையில்லை, பழுது கிண்ணத்தில்தான். காற்று மெலிவாக இருந்தால் குழாயைப் பெட்டிப் பக்கத்திலும் கழற்றி, பெட்டியின் முனையிலேயே விரலை வையுங்கள். அங்கே வலுவாகவும் குழாயின் மறுமுனையில் மெலிவாகவும் இருந்தால் குழாய் வெடித்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது. குழாய் பெரும்பாலும் இரு முனைகளிலும்தான் தளர்ந்து வெடிக்கும். நீளம் போதுமானதாக இருந்தால் முனையில் ஒரு சிறு துண்டை வெட்டிவிட்டு மறுபடியும் சொருகலாம். பெட்டியின் முனையிலேயே காற்று இல்லாவிட்டால்தான் பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கிண்ணத்தில்தான் குறை என்று தெரிந்ததும் கூம்பை டோர்ச் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். துளையைச் சுற்றி வெண்மையாக ஒரு மெல்லிய ஆடை படிந்திருந்தால் அது உப்பு. மருந்தோடு சேர்க்கும் சேலைன் என்ற உப்புநீர் கழுவப்படாமல் காய்ந்ததால் வந்திருக்கலாம். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் கிணற்றுநீரே உவர்ப்பாக இருப்பதால் கழுவிய தண்ணீரிலிருந்தும் வந்திருக்கலாம். ஒரு பங்கு வெள்ளை வினாகிரியை மூன்று பங்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து, கிண்ணத்தையும் தொப்பியையும் அரை மணித்தியாலம் ஊறவிட்டால் அது கரையும். பிறகு கொதித்தாறிய நீரில் நன்றாக அலசி, குழாயைப் பூட்டி, வெறுங்காற்றைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஊறிய பின்னும் அடைப்பு நீங்காவிட்டால் கிண்ணத்தை மாற்றுவதே ஒழுங்கு. அதற்குச் செலவாகும் தொகை பெட்டியின் விலையோடு பார்த்தால் சொற்பம்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் மருந்து முடிய நெடுநேரம் எடுக்கிறது என்பது இன்னொரு முறைப்பாடு. எவ்வளவு நேரம் எடுத்தால் நெடுநேரம்? இதற்கு விடை காண, கருவி புதிதாக இருக்கும்போதே ஒரு வேலை செய்துவைக்க வேண்டும். மருந்தில்லாமல் 4 மில்லிலீற்றர் சேலைனை மட்டும் ஊற்றி, அது சீறத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் செல்கிறது என்று பார்த்து, அந்த எண்ணைப் பெட்டியின் அடியில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள கருவிகளில் அது 10 நிமிடத்தை ஒட்டியே இருக்கும். மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்தால், கருவி தளர்ந்துவருவதை நோயாளி மூச்சுத் திணறும் இரவில் அல்லாமல் முன்கூட்டியே அறியலாம். நேரம் கூடிக்கொண்டே போனால் கிண்ணத்தை மாற்றிவிட்டு மீண்டும் நேரம் பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் பெட்டியின் காற்று வடிகட்டியைப் பாருங்கள்.

ஊற்றும் அளவு

கருவியின் பழுது என்று எண்ணப்படும் ஒரு குறை உண்மையில் கணக்குப் பிழையே. எந்தக் கிண்ணமும் கடைசிச் சொட்டுவரை புகையாக்காது. சுவரிலும் அடியிலும் ஏறத்தாழ 1 மில்லிலீற்றர் மிஞ்சும். 2.5 மில்லிலீற்றர் மருந்தை மட்டும் ஊற்றினால், மிஞ்சும் 1 மில்லிலீற்றரோடு மருந்தில் 40 வீதம் கிண்ணத்திலேயே கிடக்கும். அதே மருந்தைச் சேலைன் சேர்த்து 4 மில்லிலீற்றராக்கினால் மிச்சத்தில் போவது 25 வீதம் மட்டுமே. மருந்தின் அளவு கூடவில்லை; நெஞ்சுக்குப் போகும் பங்கே கூடுகிறது. வைத்தியர்கள் சேலைன் சேர்க்கச் சொல்வதன் காரணம் இதுதான். உங்கள் மருந்துக்கு எவ்வளவு சேர்ப்பது என்பதைக் கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் குறிக்கப்பட்ட உச்சக் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

சேர்ப்பது 0.9 வீத மலட்டுச் சேலைனாகவே இருக்க வேண்டும். வெறும் தண்ணீர், அது கொதித்தாறியதாக இருந்தாலும், நெபுலைசரில் புகையாக உள்ளே போகும்போது சுவாசக் குழாயைச் சுருங்க வைக்கக்கூடும். பெரிய சேலைன் போத்தலைத் திறந்து நாட்கணக்கில் வைத்து ஊற்றுவதும் தவறு. கிருமி அதில்தான் வளரும். ஒருமுறை பயன்படுத்தும் சிறு குப்பிகள் பாமசிகளில் கிடைக்கின்றன. தைலம், யூக்கலிப்டஸ் எண்ணெய், மூலிகைச் சாறு எதையும் கிண்ணத்தில் விடக் கூடாது. எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குள் போய் ஒருவகை நியூமோனியாவையே உண்டாக்கக்கூடும். ஆவி பிடிப்பதற்குப் பயன்படும் பொருளெல்லாம் இதற்குப் பொருந்தாது என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் பாட்டிமாரின் அன்புதான் இந்த விடயத்தில் முதலில் தைலப் போத்தலைத் தேடும்.

கசிவும் துப்பலும்

கிண்ணத்தின் இணைப்பில் மருந்து கசிந்தால், உச்சக் கோட்டைத் தாண்டி ஊற்றப்பட்டிருக்கிறதா, புரி கோணலாகப் பூட்டப்பட்டிருக்கிறதா, இறப்பர் வளையம் உள்ள வகையாயின் அது காய்ந்து வெடித்திருக்கிறதா என்று இந்த ஒழுங்கில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தால் தண்ணீர் ஊற்றி வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு ஒரு கடதாசியின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். பசை போட்டு ஒட்டிப் பயன்படுத்துவது வேண்டாம். அந்தப் பசையின் வாசம் நேரே மூச்சுக்குள் போகும். சாதாரணக் கிண்ணங்களை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். படுத்திருக்கும் முதியவருக்குக் கொடுக்கும்போது கிண்ணம் சரிந்து, மருந்து இடுக்கை எட்டாமல் புகை நிற்பதும், குழாய்க்குள் இறங்குவதும் உண்டு. தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து உட்கார வைத்தாலே அது தீர்ந்துவிடும்.

மருந்து முடியும் தறுவாயில் கருவி சீறித் துப்புவது பழுதல்ல. கிண்ணத்தின் சுவரை விரலால் இரண்டு மூன்று முறை தட்டினால் ஒட்டியிருக்கும் துளிகள் அடிக்கு இறங்கி, இன்னும் சிறிது புகை வரும். சீறத் தொடங்கி ஒரு நிமிடம் கடந்தால் நிறுத்திவிடலாம்.

குழாய்க்குள் நீர்த்துளிகள் தெரிந்தால் மாரிகாலத்தில் அது சாதாரணம். வாடைக் காற்றின் ஈரம் அங்கே குளிர்ந்து படிகிறது. கிண்ணத்தைக் கழற்றிவிட்டுக் குழாயை மட்டும் பூட்டி, காயும்வரை காற்றை ஓடவிடுங்கள். குழாயின் உட்புறத்தைக் கழுவக் கூடாது. கழுவினால் காயவே காயாது, கறுத்த பூஞ்சணம் பிடித்தால் எறிய வேண்டியதுதான்.

பெட்டியின் பழுதுகள்

பெட்டியில் நீங்களே கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: வடிகட்டி, மின்சாரம். வடிகட்டி பெட்டியின் ஓரத்தில் சிறு மூடிக்குள் இருக்கும் வட்டமான நுரைத்துண்டு. அது சாம்பல் நிறமாகிவிட்டால் மாற்ற வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களிலும், பெரும்போக அறுவடையின்போது வயலும் ஆலையும் தூசு கிளப்பும் நாட்களிலும் அது விரைவாக அழுக்காகும். அதைவிட மோசமானது நுளம்புத்திரி. அறையின் மூலையில் திரி எரிய, அதே அறையில் பெட்டியை ஓடவிட்டால் அது அந்தப் புகையை உறிஞ்சி, மருந்தோடு கலந்து, முட்டு உள்ளவருக்கே திருப்பிக் கொடுக்கிறது. வடிகட்டி புகையைத் தடுக்காது. சாம்பிராணிக்கும் அடுப்புப் புகைக்கும் இதுவே பொருந்தும். வடிகட்டி கிடைக்காவிட்டால் பஞ்சைத் திணிப்பவர்கள் உண்டு. அது காற்றை அடைத்து மோட்டாரைச் சூடாக்கும்.

ஓடிக்கொண்டிருந்த பெட்டி தானாக நின்றுவிட்டால் சூட்டுத் தடுப்பு வேலை செய்திருக்கக்கூடும். பல பெட்டிகள் இடைவிடாமல் ஓடுவதற்குச் செய்யப்பட்டவையல்ல. எத்தனை நிமிடம் ஓடலாம், எத்தனை நிமிடம் ஓய வேண்டும் என்பது அடித்தகட்டில் எழுதப்பட்டிருக்கும். மெத்தையின் மேலோ போர்வைக்கு அருகிலோ வைத்தால் காற்றுத் துவாரம் மூடி இன்னும் விரைவாகச் சூடேறும். ஆறவிட்ட பின்னும் ஓடாவிட்டால், அல்லது வயர் கருகும் மணம் வந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருத்துநரிடம் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியாயின் அடித்தகட்டை வாசிக்காமல் பிளக்கைச் சொருகவே கூடாது. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலிருந்து வரும் பெட்டி 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். நேரே சொருகினால் எரிந்துவிடும். இறக்குமின்மாற்றி வாங்கிப் பூட்டினாலும் வோல்ற்றளவுதான் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது; 60 ஹேர்ட்சுக்குச் செய்த மோட்டார் 50 இல் மெதுவாக ஓடி, காற்றைக் குறைத்து, கூடுதலாகச் சூடேறும். சவூதியிலும் 60 ஹேர்ட்ஸ்தான் என்பதால் அங்கே வாங்கியவற்றிலும் ‘50/60’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்திலிருந்து வருபவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

கழுவுதல்

ஒவ்வொரு முறையும் மிச்ச மருந்தைக் கொட்டிவிட்டு, பாகங்களைப் பிரித்து, சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, கொதித்தாறிய நீரில் அலசி, உதறி, சுத்தமான துணியின் மேல் காயவிட வேண்டும். ஈரத்தோடு பூட்டி உறைக்குள் போடுவதே கிருமிக்கு வாசல். கிருமிநீக்கத்துக்கு, கொதிக்க வைக்கலாம் என்று உறையில் எழுதியிருக்கும் கிண்ணங்களை 5 நிமிடம் கொதிக்க வைப்பதே நம் வீடுகளுக்குச் சுலபமான வழி. அல்லது பாமசியில் வாங்கும் 3 வீத ஐதரசன் பேரொக்சைட்டில் 30 நிமிடம் ஊறவைத்து அலசலாம். முன்பு சொன்ன வினாகிரி உப்பைக் கரைக்கும், கிருமிகளைக் கொல்ல அதை நம்ப வேண்டாம். மெல்லிய முகமூடியையும் குழாயையும் கொதிக்க வைத்தால் சுருங்கிவிடும்.

எந்த வகை யாருக்கு

பெட்டியோடு இலவசமாக வரும் மென்பிளாஸ்டிக் கிண்ணம் எப்போதும் புகையைக் கக்கிக்கொண்டே இருக்கும். நோயாளி மூச்சை வெளியே விடும் நேரத்துப் புகை வீணாகிறது. இரண்டாம் வகை மூச்சோடு ஒத்துழைக்கும் வால்வுக் கிண்ணம். உள்ளே இழுக்கும்போது வெளிக்காற்றும் கிண்ணத்தின் ஊடாகச் சென்று கூடுதல் மருந்தை எடுத்துப்போகும். வெளியே விடும்போது வீணாவது குறையும். கடினப் பிளாஸ்டிக்கில் வருவதால் பலவற்றைக் கொதிக்கவும் வைக்கலாம். நாள்தோறும் நெபுலைசர் தேவைப்படுபவருக்கு என் தெரிவு இதுதான். வாங்குமுன் உங்கள் பெட்டிக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். குழாய் சொருகுவதால் மட்டும் பொருத்தம் ஆகிவிடாது, பெட்டியின் காற்றோட்டம் போதாவிட்டால் துளிகள் பெரிதாகும்.

அதிரும் வலைத்தகட்டு வகை முற்றிலும் வேறு. மோட்டாரும் குழாயும் இல்லை. நுண்துளைகள் கொண்ட தகடு செக்கனுக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து மருந்தைத் துளிகளாக்குகிறது. சத்தமில்லை, பற்றரியில் ஓடும், மிச்சம் மிகக் குறைவு. மின்வெட்டுள்ள ஊருக்கும், வைத்தியசாலைக்குப் போகும் வழியில் கொடுக்கவும் இதைவிட நல்லது இல்லை. ஆனால் விலை அதிகம், தகடு அடைபடும், அடைபட்டால் வினாகிரிக் குளியலால் எப்போதும் மீளாது. கலங்கலான பியூடசொனைட் (ஸ்டீரொயிட் வகை) போன்ற மருந்தை நாள்தோறும் பாவிப்பவர், தாம் வாங்கும் கருவி அதற்கு ஏற்றதா என்று கையேட்டில் பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். உதிரித் தகடு இங்கே கிடைக்காவிட்டால் அந்தக் கருவி ஒரு தகட்டின் ஆயுளோடு முடிந்துவிடும்.

மீயொலி வகை, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியதிர்வால் மருந்தைத் துளிகளாக்குவது, பழையது. மருந்தைச் சூடாக்குவதாலும் பியூடசொனைட்டுக்கு ஒவ்வாததாலும் வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன். இணையத்தில் நெபுலைசர் என்ற பெயரில் அறையை ஈரமாக்கும் கருவியும், முகத்துக்கு ஆவி பிடிக்கும் கருவியும் விற்கப்படுகின்றன. மருந்துக் கிண்ணமும் துளி அளவும் பற்றி ஒரு வரிகூட இல்லாத விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

முகமூடியா, வாய்க்குழாயா என்று கேட்டால், வாயால் ஒழுங்காக இழுக்கக்கூடிய எவருக்கும் வாய்க்குழாயே மேல். மூக்கு மருந்தின் ஒரு பங்கை வடித்துவிடுகிறது. மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்தான இப்ரட்ரோப்பியம் கொடுக்கும்போது முகமூடி இடைவெளியால் புகை கண்ணில் பட்டால், கண் அழுத்த நோய் உள்ளவருக்கு ஆபத்து. சிறுபிள்ளைக்கு முகமூடிதான் வழி, ஆனால் அது முகத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். பிள்ளை அழுகிறதே என்று சற்றுத் தள்ளிப் பிடித்தால் மருந்தின் பெரும்பகுதி அறைக்குத்தான் போகும். அழும் பிள்ளைக்கும் மருந்து சரியாக இறங்காது. ஆகையால் மடியில் வைத்து ஆற்றிய பின் தொடங்குங்கள். பியூடசொனைட் கொடுத்தபின் முகத்தைத் துடைத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

வாங்கப் போகும் முன் கிளினிக் வைத்தியரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். சாதாரண முட்டுக்குப் பம்பும் (கையால் அழுத்தி இழுக்கும் இன்ஹேலர்) அதோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவையும் முறையாகப் பாவிக்கப்பட்டால் நெபுலைசருக்கு நிகராகவே வேலை செய்யும், அதற்கு மின்சாரமும் வேண்டாம். வீட்டில் பெட்டி இருந்தே ஆகவேண்டும் என்று அவர் சொன்னால், வாங்கும் அன்றே இரண்டு கிண்ணங்களும் ஒரு பொதி வடிகட்டியும் சேர்த்து வாங்குங்கள்; அதே வகை வடிகட்டி அடுத்த வருடம் அந்தக் கடையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.